கான்டன் ஃபேர் முடிந்ததும் குடும்பத்தோடு சான்யா போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: திருப்பூரில் பின்னலாடைத் தொழில், ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் கான்டன் ஃபேர் என்ற வணிகக் கண்காட்சிக்காகத் தென்சீனாவின் குவாங்சோ நகருக்கு வருகிறீர்கள், அது முடிந்ததும் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோரையும் வரவழைத்து நான்கைந்து நாள் சான்யாவில் தங்கலாமா, 'சீனாவின் ஹவாய்' என்று சப்ளையர் சொன்னது எவ்வளவு உண்மை, சைவச் சாப்பாடு கிடைக்குமா. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வெயில் ஊரிலிருந்து கிளம்பி இன்னொரு வெயில் ஊருக்கு இவ்வளவு செலவு செய்து போக வேண்டுமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் குவாங்சோவில் இருந்துகொண்டு இந்திய வியாபாரிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பயண ஏற்பாடு செய்கிறவன். சான்யாவுக்கு எல்லாப் பருவத்திலும் ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். சிலர் ரொம்ப சந்தோஷமாகத் திரும்பினார்கள், சிலர் "இதைப் பார்க்கவா வந்தோம்" என்றார்கள். என்ன எதிர்பார்த்துப் போனார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சான்யா ஹைனான் தீவின் தென்கோடியில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 18 டிகிரியில் இருக்கிறது. நம் விசாகப்பட்டினமும் ஏறத்தாழ அதே கோடுதான். சீனர்களுக்கு அந்த ஊரின் மதிப்பே இதில்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய நாட்டில் ஜனவரி மாதம் நிம்மதியாகக் கடலில் இறங்கிக் குளிக்கக்கூடிய நகரம் வேறு கிடையாது என்றே சொல்லலாம். ஹார்பின் பக்கம் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். சான்யாவில் அப்போது 22, 23. வடகிழக்கிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாக அக்டோபர், நவம்பரில் வந்து இறங்கி, வசந்த காலத்தில்தான் ஊர் திரும்புகிறார்கள். 'வலசைப் பறவைகள்' என்றுதான் அவர்களைச் சீனாவில் சொல்வார்கள். காலையில் தாதோங்ஹாய் கடற்கரைக்குப் போனால் எழுபது வயதுத் தாத்தாக்கள் நீச்சல் உடையோடு உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். தெருவில் வடகிழக்குப் பேச்சு, கடைகளில் வடகிழக்கு டம்ப்ளிங். அதே தாதோங்ஹாயில் ரஷ்ய மொழிப் பெயர்ப்பலகைகளும் நிறைய. சைபீரியாவிலிருந்து வருகிறவர்களுக்கும் இது பக்கத்து வெயில்.

ஆக, குளிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்களுக்காக எழுந்த ஊர் அது. நீங்கள் மே மாதம் திருப்பூர் வெயிலிலிருந்து வரப்போகிறவர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்.

ஹவாய் பேச்சை ரொம்ப நம்ப வேண்டாம். அது சுற்றுலாத் துறைக்காரர்களின் விளம்பரம். எரிமலை, பெரிய அலை என்று ஹவாய்க்கே உரிய எதுவும் இங்கே இல்லை. 1980களின் நடுப்பகுதிவரை இது குவாங்தோங் மாகாணத்துக்கு உட்பட்ட ஒரு மீன்பிடி ஊர், பக்கத்திலேயே கடற்படைத் தளம். 1988இல் ஹைனான் தனி மாகாணமாகவும் சிறப்புப் பொருளாதார மண்டலமாகவும் ஆன பிறகு, 1994இல் ஃபீனிக்ஸ் விமான நிலையம் வந்த பிறகுதான் ஓட்டல்கள் முளைத்தன. 2003 முதல் பலமுறை உலக அழகிப் போட்டி இங்கே நடந்தது. 2017இல் நம் மானுஷி சில்லர் பட்டம் வாங்கியது இங்கேதான். 2011 ஏப்ரலில் பிரிக்ஸ் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் வந்ததும் இந்த ஊருக்கே. இன்று பத்து லட்சம் பேர் வாழும் நகரம். பழைய மீனவக் குப்பத்தைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள்.

அடுத்து, எப்போது போவது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் தொழிலில் இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜவுளி, ஆயத்த ஆடைப் பிரிவு ஃபேரின் மூன்றாம் கட்டத்தில் வருகிறது, மே 1 முதல் 5 வரை. சீனாவில் தொழிலாளர் தின விடுமுறையும் அதே நாட்கள்தான். ஃபேருக்கு முன்னால் குடும்பத்தை அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் போய்ச் சேரலாம் என்று நினைத்தால், சான்யா விடுமுறைக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருக்கும். ஓட்டல் வாடகை பல மடங்கு ஏறியிருக்கும். பக்கத்திலுள்ள ஊஜிஜோ என்ற சிறு தீவுக்குப் போகும் படகுத்துறையில் வரிசையில் நின்றே அரை நாள் போய்விடும். மே 6ஆம் தேதிக்குப் பிறகு போனால் அதே அறை பாதிக்கும் கீழான விலையில் கிடைக்கும். ஆனால் வெயில் 32, 33 டிகிரி, காற்றில் ஈரம் ஏராளம், மழைக்காலமும் தொடங்கும் நேரம். மழை பெரும்பாலும் மாலையில் கொட்டிவிட்டு நின்றுவிடும். புயல்களின் பருவம் அதற்கும் பின்னால், ஜூலை முதல் அக்டோபர் வரை. சீனப் புத்தாண்டு, அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய தின விடுமுறை இரண்டையும் யார் கேட்டாலும் வேண்டாம் என்பேன். வானிலைக்கு உண்மையிலேயே நல்ல மாதங்கள் நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை. கான்டன் ஃபேரின் இலையுதிர்காலப் பதிப்பு நவம்பர் 4 வாக்கில் முடிகிறது. அதற்கு வருகிற பழக்கம் இருந்தால் சான்யாவை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளிதான் ஒத்துவராது, அது உங்கள் வீட்டுக் கணக்கு.

கடற்கரைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, அறை போடும்போது இது தெரியாமல் பலர் தவறான பக்கம் தங்கிவிடுகிறார்கள். யாலோங் விரிகுடா ஏழரை கிலோமீட்டர் நீளம், வெள்ளை மணல், அமைதியான தண்ணீர். சிறு பிள்ளைகளோடு குளிக்க அதுதான் சரி. கடைகள் குறைவு, எதற்கும் ஓட்டலையே நம்ப வேண்டும். ஹைதாங் விரிகுடாவில்தான் புதிய பெரிய ஓட்டல்கள், 2018இல் திறந்த அட்லாண்டிஸும் அதன் நீர்விளையாட்டுப் பூங்காவும் அங்கேதான். ஆனால் அங்கே கரை சரேலென்று ஆழமாகும், இழுப்பும் உண்டு. பல நாள் கடலில் இறங்கவே விடமாட்டார்கள், நீச்சல் குளத்தோடு சரி. சான்யா விரிகுடா நகரத்தை ஒட்டியது, நீளமான தென்னஞ்சாலை, மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் மறைவது நன்றாக இருக்கும், தண்ணீர் கொஞ்சம் கலங்கல், விலை மலிவு. தாதோங்ஹாய் ஊருக்குள்ளேயே இருக்கிறது, நடந்தே கடை கண்ணி. உங்கள் குடும்பத்துக்கு யாலோங்கில் இரண்டு இரவு, தாதோங்ஹாயில் இரண்டு இரவு என்று பிரித்துக்கொள்வது பொருந்தும். ட்ரோன் எடுத்துப் போக வேண்டாம். யாலோங்குக்குப் பக்கத்தில் யூலின் கடற்படைத் தளம் இருக்கிறது, நீர்மூழ்கிக் கப்பல்கள் நிற்கும் இடம். பையன் விளையாட்டாகப் பறக்கவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கடற்கரையில் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். திருமணத்துக்கு முன்பு எடுக்கும் புகைப்படத்துக்குச் சீனாவில் சான்யா பேர் போன இடம். மத்தியான வெயிலில் வெள்ளை கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஸ்போர்ட்ஸ் ஷூவோடு மணப்பெண்கள் மணலில் நடப்பார்கள். பின்னால் ஒரு பையன் வெள்ளிப் பலகையைச் சாய்த்து வெளிச்சத்தைத் திருப்பியபடி ஓடுவான். அதே பாறைக்காகப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடி காத்திருக்கும். மற்ற பெண்கள் வெயில் படாமல் குடை, நீளக் கை, முகமூடி. குடும்பம் முழுக்க ஒரே பூப்போட்ட சட்டையும் அரைக்கால் டவுசரும் வாங்கி மாட்டிக்கொண்டு திரிவதும் அங்கே ஒரு சடங்கு. உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள், வாங்கிக் கொடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

பார்க்கும் இடங்களில் நான்ஷான் பௌத்தக் கோயில் வளாகத்துக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். கடலுக்குள் செயற்கைத் திட்டின்மேல் 108 மீட்டர் உயரத்தில் பௌத்தர்கள் கருணைத் தெய்வமாக வணங்கும் குவான்யினின் மூன்று முகச் சிலை நிற்கிறது, ஒரு முகம் நிலத்தையும் மற்ற இரண்டும் கடலையும் பார்த்தபடி. பீடத்தோடு சேர்த்த அமெரிக்க சுதந்திர தேவி சிலையைவிட உயரம். பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பழைய தலம் என்று நினைத்துவிடாதீர்கள். கோயில் 1990களில் கட்டியது, சிலை 2005இல் திறந்தது. ஜப்பானுக்குக் கிளம்பிய ஜியன்ஜென் என்ற பிக்கு 748இல் புயலில் அடித்துவரப்பட்டு இந்தத் தீவின் தென்கரையை அடைந்தது உறுதியான வரலாறு. வழிகாட்டிகள் அதை நான்ஷான் மலையோடு சேர்த்துச் சொல்வதற்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் கிடையாது. வளாகம் பெரியது, உள்ளே ஓடும் பேட்டரி வண்டிக்கு நுழைவுச் சீட்டோடு சேர்த்தே சீட்டு வாங்கிவிடுங்கள். அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் அது இல்லாமல் முடியாது.

தியென்யா ஹைஜியாவ் என்ற இடத்துக்கு எல்லாச் சீனர்களும் போவார்கள். 'வானத்தின் ஓரம், கடலின் முனை' என்று சிவப்பெழுத்தில் பொறித்த உருண்டைப் பாறைகள். பழைய 2 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அங்குள்ள ஒரு பாறைதான். நம்மவர்கள் அங்கே போய், "பாறைதானே?" என்று விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பாறைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அரசனுக்குப் பிடிக்காத அமைச்சர்களை நாடு கடத்தி அனுப்பும் கடைசி மூலையாக இந்தக் கரை இருந்தது. தென் சோங் பேரரசின் பிரதம அமைச்சராக இருந்த ஜாவோ டிங், வடக்கே இருந்த ஜின் அரசோடு சமாதானம் செய்துகொள்ள நினைத்த தரப்பை எதிர்த்ததற்காக இங்கே அனுப்பப்பட்டு, குடும்பத்தையாவது விட்டுவைக்கட்டும் என்று 1147இல் உண்ணாமல் கிடந்து உயிரை விட்டார். அந்த மூலைக்கு இன்று காசு கொடுத்து வந்து செல்ஃபி எடுக்கிறார்கள். இந்தக் கதையில் ஆர்வம் இருந்தால் போங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தைக் கடலில் கழியுங்கள். ஊஜிஜோ தீவு ஒரு நாள் போய்வர நன்றாக இருக்கும், பவளப்பாறையும் உண்டு. அந்தமானில் கடலுக்கடியில் பார்த்தவர்களுக்கு அது சாதாரணம்தான்.

சுற்றுலா ஏடுகள் ஒதுக்கிவிடும் இரண்டு விஷயங்களை நான் விடாமல் காட்டுவேன். ஒன்று, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹுய்ஹுய் கிராமம். அங்கே இருப்பவர்கள் உத்சுல் என்ற முஸ்லிம் மக்கள். இவர்கள் வியட்நாம் கரையில் இருந்த சாம்பா அரசிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் கடல் தாண்டி வந்தவர்களின் வழிவந்தவர்கள். பேசும் மொழி மலாய்க்குத் தூரத்துச் சொந்தம். சாம்பா என்றால் சிவன் கோயில்கள் கட்டிய அதே சாம்பாதான். அங்கிருந்து எப்போது, எத்தனை அலைகளாக வந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. பள்ளிவாசல்கள், முக்காடு போட்ட பெண்கள் நடத்தும் பழக்கடைகள், புளியும் தக்காளியும் போட்டுக் கொதிக்கவைத்த மீன் சாறு. 2020இல் பள்ளி மாணவிகள் முக்காடு அணியத் தடை வந்ததாகவும் எதிர்ப்பு எழுந்ததாகவும் செய்தி வெளியானது. அதனால் படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள், அரசியல் பேச்சை எடுக்காதீர்கள். ஹலால் சாப்பாடு தேடுகிறவர்களுக்கும் இந்த ஊர்தான் வழி. புளி என்றதும் நினைவுக்கு வருகிறது, சான்யா நகரத்தின் அதிகாரபூர்வ மரம் நம் புளியமரம்.

இரண்டாவது, தீவின் பூர்வகுடிகளான லீ மக்கள். மலையடிவாரச் சந்தைகளில் லீ பாட்டிகள் பச்சைப் பாக்கைக் கீற்றாக நறுக்கி, வெற்றிலையில் சிப்பிச் சுண்ணாம்பு தடவிச் சுருட்டி விற்பார்கள். சிவந்த வாயோடு அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் உங்கள் அம்மா உட்கார்ந்து பேசவே தொடங்கிவிடுவார், மொழி தேவைப்படாது. (வாய்ப் புற்றுநோய்க்குப் பாக்கு ஒரு காரணம் என்று உறுதியாகிவிட்டது, அங்கேயும் அதைத்தான் சொல்கிறார்கள்.) உங்களுக்குத் தொழில்ரீதியாகவும் இங்கே ஒன்று உண்டு. லீ பெண்கள் தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிப் பாவு நூலை இழுத்துப் பிடித்து, இடுப்பில் கட்டிய தறியில் நெய்யும் பருத்தித் துணி 2009இல் யுனெஸ்கோவின் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஹுவாங் தாவ்போ என்ற பெண் யாஜோவில், அதாவது இன்றைய சான்யாவின் மேற்குப் பகுதியில், நூற்பும் நெசவும் கற்று ஷாங்காய்ப் பக்கம் கொண்டுபோய்ப் பரப்பினார் என்பது சீன நெசவு வரலாற்றில் ஒரு முக்கியமான கட்டம். அவர் யாரிடம் கற்றார் என்பதில் விவாதம் உண்டு, லீ மக்களிடம் என்பதுதான் பொதுவான கருத்து. திருப்பூர்க்காரர் அந்தத் தறியைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். கடைத்தெருவில் 'லீ துணி' என்று விற்பதில் பெரும்பகுதி இயந்திரத் துணி. அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அதே யாஜோவில் சீனா முழுவதிலுமிருந்து விதை ஆராய்ச்சியாளர்கள் குளிர்காலத்தில் வந்து பயிர் வைக்கிறார்கள். வடக்கே பனி மூடிக் கிடக்கும்போது இங்கே இன்னொரு தலைமுறைப் பயிரை எடுத்துவிடலாம் என்ற கணக்கு. 1970இல் நெல் விஞ்ஞானி யுவான் லோங்பிங்கின் குழுவினர் இந்தப் பக்கத்துச் சதுப்பில் கண்டெடுத்த காட்டு நெல்லிலிருந்துதான் சீனாவின் கலப்பின நெல் பிறந்தது. பயணிகளுக்கு அங்கே பெரிதாகக் காட்சி இல்லை, வழியில் வயல் தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சாப்பாடு. மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம். நகரத்திலுள்ள முதலாம் சந்தையில் மீனையும் நண்டையும் உயிரோடு வாங்கி, பக்கத்துக் கடையில் சமையல் கூலி கொடுத்துச் சமைத்து வாங்கலாம். எடையைத் தராசில் நீங்களே பார்க்க வேண்டும், தண்ணீரையும் கூடையையும் கழித்து நிறுக்கச் சொல்ல வேண்டும், சமையல் கூலியை முன்னாலேயே பேசிவிட வேண்டும். 2012 புத்தாண்டின்போது மூன்று பதார்த்தத்துக்கு 4,000 யுவான் அளவுக்குப் பில் போட்ட விவகாரம் இணையத்தில் வெடித்து, ஊர் பெயரே கெட்டுப்போனது. பிறகு 2015இல் சீனாவிலேயே முதன்முதலாகச் சுற்றுலாப் போலீஸ் பிரிவை இங்கே தொடங்கினார்கள். இப்போது நிலைமை பரவாயில்லை, ஆனாலும் டாக்ஸி ஓட்டுநர் தானாக அழைத்துப் போகும் கடைக்குப் போகாதீர்கள்.

நீங்கள் கேட்டது சைவம். ஓட்டல் காலை உணவில் பிரச்சினை இல்லை. வெளியே, காய்கறி என்று சொல்லி வாங்குவதிலும் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ சேர்ந்திருக்கும், அவர்கள் கணக்கில் அது அசைவமே இல்லை. நான்ஷான் வளாகத்தில் கோயில் மரபுப்படி சுத்த சைவ உணவகம் இருக்கிறது. பௌத்த சைவத்தில் பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. மற்ற நாட்களுக்கு, வேண்டாதவற்றைச் சீன எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்காக ரெடிமேட் உப்புமாவும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் போட்டுவிடுங்கள். பழங்களும் இளநீரும் தாராளம். சிங்போலியாங் என்று தேங்காய்ப்பாலில் பயறு, ஜவ்வரிசி, பழத்துண்டு போட்டு ஐஸோடு தருவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஹைதாங் விரிகுடாவில் பிரம்மாண்டமான வரியில்லாக் கடை இருக்கிறது, சீனர்கள் பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் யுவான்வரை வாங்க 2020 முதல் அனுமதி. வாசனைத் திரவியம், முகப்பூச்சு, கைக்கடிகாரம்தான் அதிகம். உங்கள் வீட்டில் யாருக்கும் அதில் ஆசை இல்லையென்றால் ஏசி காற்று வாங்க ஒரு மணி நேரம் போதும். வாங்கினால் பெரும்பாலான பொருட்களைத் தீவை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில்தான் கையில் தருவார்கள், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

புக்கெட், பாலியோடு ஒப்பிடச் சொன்னீர்கள். கடற்கரை, சாப்பாட்டு வசதி, ஆங்கிலம், செலவு எல்லாவற்றிலும் நம் குடும்பங்களுக்கு அவை இரண்டும் சுலபம். இந்தியாவிலிருந்து நேராகச் சான்யாவுக்கு மட்டும் போக நினைக்கிறவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். நீங்கள் எப்படியும் குவாங்சோ வருகிறீர்கள், அங்கிருந்து ஒன்றரை மணி நேர விமானம்தான், குடும்பத்துக்குச் சீனாவின் ஒரு முகத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அந்தக் கணக்கில் நான்கு இரவு தகும், ஐந்தாவது வேண்டாம். ஒரு நாளை வேண்டுமானால் ரயிலுக்கு ஒதுக்குங்கள். தீவை முழுவதுமாகச் சுற்றிவரும் அதிவேக ரயில் பாதை 2015 இறுதியில் முழுமையானது. சான்யாவிலிருந்து மாகாணத் தலைநகர் ஹைகோவ் போய், அங்கிருந்து குவாங்சோவுக்கு விமானம் பிடிக்கலாம்.

கடைசியாக, விசா. ஹைனானுக்கு விசா தேவையில்லை என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. 2018இல் 59 நாட்டவருக்கு அறிவித்த 30 நாள் சலுகை அது. அதில் மலேசியா, சிங்கப்பூர் இருக்கின்றன, இந்தியா இல்லை. உங்கள் வணிக விசாவிலேயே நீங்கள் சான்யா போகலாம், தனி அனுமதி வேண்டாம். குடும்பத்துக்குச் சுற்றுலா விசா எடுக்க வேண்டும். இந்தியர்களுக்கு அதை 2025 ஜூலையில் மறுபடி தரத் தொடங்கினார்கள். அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்தும், அடுத்த மாதம் டெல்லியிலிருந்தும் குவாங்சோவுக்கு நேரடி விமானங்களும் திரும்பின. இந்த விதிகளும் விமான அட்டவணையும் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே சேர்த்து, சரிபார்ப்பை முடித்துக்கொண்டு வாருங்கள். இளநீர்க்காரர்கூட கியூஆர் பலகையைத்தான் நீட்டுவார். திரும்பும் வழியில் ஹாங்காங் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குவாங்சோ வந்து விமானம் ஏறும் திட்டம் இருந்தால், எல்லோருக்கும் இரட்டை நுழைவு விசாவாகவே கேட்டு வாங்குங்கள். ஒற்றை நுழைவு விசாவோடு ஹாங்காங்குக்குள் போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு, திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.